அழிக்க மாட்டேன்: ஒற்றை வரிகளை நம்பிக் குமாரபாளையம் போய் வந்த கதை

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சீர் செய்ய வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு துண்டும் அறுபது வேட்டியும் தேவைப்பட்டன. குமாரபாளையத்தில் தறிக்காரர்களிடமே வாங்கினால் சேலம் கடைவீதியைவிட மலிவு, துணியும் கனமாக இருக்கும். கார் ஓட்டுவது நான். நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் பழகி, நான்கு வருடமாக ஓட்டுகிறேன். உடன் வந்தவர் கல்யாணப் பெண்ணின் அம்மா, என் ஓரகத்தி பூங்கொடி அக்கா. அவருக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம்.

கிளம்பும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணமாகி வந்த இந்த இருபத்துநான்கு வருடங்களில் எங்கள் குடும்பம் போன எந்தப் பயணத்திலும், எங்கே சாப்பிடுவது என்று எங்கள் இருவரையும் யாரும் கேட்டதில்லை. கணவரின் அண்ணன்தான் முடிவு செய்வார். அவரை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்போம். போர் வண்டித் தொழில். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் என்பதால் எல்லா ஓட்டல்களும் தனக்குத் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. செல்பேசி வந்த பிறகு நட்சத்திரங்களும் சேர்ந்துகொண்டன. நாலரைக்கு மேலே இருந்தால் உள்ளே போவார். நீளமாக யாராவது எழுதியிருந்தால் அதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

என் வழி வேறு. எனக்குத் தையல் கடை. துணி கொடுக்க வருகிறவர்களில் "கை கொஞ்சம் இறுக்கம்" என்று சொல்கிறவர்தான் சட்டையைப் போட்டுப் பார்த்தவர். அரை மணி நேரம் புகழ்கிறவர் இன்னும் உறையைப் பிரித்திருக்கவே மாட்டார். அதனால் ஓட்டல் விமர்சனங்களில் ஒரு வரிக்கு மேல் போனதை நான் படிப்பதில்லை. நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. "இட்லி சூடு", "தண்ணி நல்லாருக்கு", "சட்னி மறுபடி கேட்டா முகம் சுளிக்கிறாங்க." இப்படி ஒரு பொருளைப் பற்றி ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அதையே வேறு மாதத்தில் வேறு ஒருவரும் சொல்லியிருந்தால் போதும், வண்டியைத் திருப்பிவிடுவேன். "இவ ஜோசியம் பாக்கறா" என்பார் பெரியவர். பார்க்கட்டுமே. இந்தத் தடவை ஸ்டீயரிங் என் கையில்.

காலை 6.40க்கு அயோத்தியாப்பட்டணத்திலிருந்து கிளம்பினோம். ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல். சேலம் நகரைக் கடக்கவே முக்கால் மணி ஆனது. புறவழிச் சாலையில் போனால் சீக்கிரம் போயிருக்கலாம், ஆனால் ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு வாங்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். 8.05க்கு அங்கே சேர்ந்தபோது மீட்டர் 31 கிலோமீட்டர் காட்டியது.

காலைச் சாப்பாட்டுக்கு நான் முந்தின நாளே குறித்து வைத்திருந்த கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. மொத்தமே ஒன்பது விமர்சனங்கள். அதில் இரண்டு பேர், ஏழு மாத இடைவெளியில், "சூடா இருந்துச்சு" என்று எழுதியிருந்தார்கள். நம்பிப் போனோம். சூடாகத்தான் இருந்தது. தகரக் கூரை, பக்கத்திலேயே அடுப்பு, மின்விசிறி இல்லை. உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் அக்காவுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

"இதத்தான் எழுதிருக்காங்களாட்டம் இருக்குது, சாமி" என்றார் அக்கா, முந்தானையால் விசிறிக்கொண்டே.

சிரித்து முடிப்பதற்குள் இட்லி வந்துவிட்டது. அதுவும் சூடுதான். ஆறு இட்லி, ஒரு தோசை, இரண்டு காப்பி, 115 ரூபாய். தேங்காய்ச் சட்னி கெட்டியாக, அப்போது அரைத்தது. காப்பி சுமார். ஒற்றை வரியில் ஒரு ஆபத்து இருக்கிறது: எழுதியவர் எதைச் சொன்னார் என்று சில சமயம் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அது போதும். பக்கத்துத் தெருவில் கைமுறுக்கு அரை கிலோ வாங்கிக்கொண்டு 8.50க்குக் கிளம்பினோம்.

மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு, அங்கிருந்து குமாரபாளையம். சாலை பரவாயில்லை, ஊர்களுக்குள் மட்டும் வேகத்தடைகள் அடிக்கடி வருகின்றன, சிலவற்றுக்கு வெள்ளைக்கோடு கிடையாது. திருச்செங்கோடு வந்ததும் மலையைப் பார்த்து அக்கா காருக்குள்ளிருந்தே கும்பிட்டுக்கொண்டார். குமாரபாளையத்தில் 10.40. மீட்டர் 83. தறிச் சத்தம் தெருமுனையிலேயே காதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு இடங்களில் பார்த்து, மூன்றாவது இடத்தில் துணியை எடுத்தோம். தறிக்காரர் மனைவி துண்டை ஈரப்படுத்திப் பிழிந்து காட்டி, "சாயம் போகாதுங்க, போனா திருப்பிக் கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் விளம்பரம். வேலை முடியப் பகல் ஒரு மணி.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். அன்று மதியம் மட்டும் கடையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பெரியவர் உத்தரவு. குமாரபாளையத்திலிருந்து சங்ககிரி போகும் வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய சைவ ஓட்டல். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஓட்டல்காரரிடம்தான் கல்யாணச் சமையலை ஒப்படைப்பதாகப் பெரியவர் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டார். தொள்ளாயிரம் இலை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதுதான் பாக்கி. "போய்ச் சாப்புட்டுப் பாருங்க, அப்பத்தான் நான் என்ன ஏற்பாடு பண்ணிருக்கேன்னு தெரியும்" என்று அனுப்பினார். பெண்ணைப் பெற்ற அக்காவை அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் செல்பேசியை எடுத்தேன். நாலே முக்கால் நட்சத்திரம். இரண்டாயிரத்துக்கும் மேல் விமர்சனங்கள். ஒவ்வொன்றும் நாலு வரி, ஐந்து வரி. "குடும்பத்துடன் சென்றிருந்தோம். மனதிற்கு இதமான சூழல். கனிவான உபசரிப்பு. மீண்டும் மீண்டும் செல்லத் தூண்டும் சுவை." அதையே கொஞ்சம் மாற்றி அடுத்தவர். அதற்கடுத்தவரும் அதையேதான். எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனபோது நடுவில் ஒன்று: "சாம்பார் புளிச்சிருந்தது." இன்னும் கீழே, வேறொருவர்: "ரசம் நேத்து வெச்சது."

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "வந்தது வந்தாச்சு. பாத்துருவோம் வா" என்றார்.

சாப்பாடு 180 ரூபாய். குளிர்சாதன அறை, பளபளக்கும் தரை, சுவரில் செயற்கைக் கொடி. நான் குறை சொல்லவில்லை, சுத்தமாகவே இருந்தது. சாம்பார் வந்தது. பிசைந்து வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. புளியின் புளிப்பில்லை, ஊசல் ஆரம்பிக்கும்போது வருமே, அந்தப் புளிப்பு. அக்கா ஒரு கவளத்தோடு சோற்றை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டார். அவர் முகத்தில் தொள்ளாயிரம் இலையும் தெரிந்தது.

அப்போது மேற்பார்வையாளர் ஒருவர் கையில் கட்டம் போட்ட அட்டையோடு வந்தார். "மேடம், இத ஸ்கேன் பண்ணி அஞ்சு ஸ்டார் போட்டீங்கன்னா குலாப் ஜாமூன் ஃப்ரீங்க. நாலு வரியாச்சும் எழுதிருங்க, அப்பத்தான் மேல வருமுங்க. என்ன எழுதறதுன்னு தெரியலைன்னா பின்னாடி இருக்குதுங்க."

அட்டையைத் திருப்பினேன். "மனதிற்கு இதமான சூழல்" அங்கே அச்சடித்திருந்தது.

"சாம்பார் ஊசியிருக்குங்க. உள்ளே சொல்லுங்க" என்றேன்.

"இது வரைக்கும் யாருமே சொன்னதில்லைங்களே!"

"சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள ஜாமூன வெச்சு அடைச்சிருப்பீங்க" என்றார் அக்கா. அவர் வெளி ஆளிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மேற்பார்வையாளர் அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டு நகர்ந்தார். சாம்பார் வாளி மட்டும் அடுத்த மேசைக்குப் போனது. அங்கே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். அதுதான் என்னைச் சுட்டது. அவர்களிடம் எழுந்துபோய் "சாம்பார் வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்கார்ந்து, என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன்: "மதியம் 1.45. சாம்பார் ஊசியிருந்தது." நட்சத்திரம் போடாமல் செயலி விடாது என்பதால் ஒன்று. பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

காரைக் கிளப்பியிருப்பேன், முதலாளியே ஓடி வந்துவிட்டார். கையில் செல்பேசி. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. காருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"நீங்கதான சுமதிங்கறது? எந்த ஓட்டல்காரன் அனுப்பிச்சு வந்தீங்க?"

"பசி அனுப்பிச்சு வந்தோம்" என்றேன். கொஞ்சம் அதிகப்படிதான்.

"உங்க பணத்தத் திருப்பித் தாரேன். அத அழிச்சிட்டு வண்டிய எடுங்க."

"பணம் வேண்டாம். அந்தச் சாம்பாரைக் கொட்டுங்க. இன்னொரு நாள் வர்றேன், நல்லாருந்தா அதையும் எழுதறேன். எழுதினதை அழிக்க மாட்டேன்."

"அழிக்காம வண்டி நவுராதுங்க" என்றார். காவலாளி வேறு பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அப்போது அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"ஏனுங்க, வண்டிக்கு முன்னால இருந்து தள்ளி நில்லுங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு உங்ககிட்டத்தான் சமையல் பேசிருக்குதுங்க" என்றார். பெரியவரின் பெயரையும் சொன்னார்.

அந்த மனிதரின் முகம் அப்படியே மாறியது. "அட, அக்கா! நீங்கன்னு சொல்லவே இல்லீங்களே! வாங்க வாங்க, உள்ள வாங்க. இப்பவே புதுசா சாம்பார் வெக்கச் சொல்றேன். அஞ்சு நிமிசம்."

"அப்ப சொல்லாம வாரவங்களுக்கெல்லாம் அந்தச் சாம்பார்தானுங்களா?"

முதலாளி காருக்கு முன்னாலிருந்து விலகினார். அக்கா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "எடு, சாமி" என்றார். எடுத்தேன். மணி 2.10.

இரண்டு கிலோமீட்டர் போனோம். பிறகு அக்கா, "பசிக்குது. உன்ற ஜோசியத்தப் பாரு" என்றார். ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், திருச்செங்கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், ஒரு மெஸ். பதினாலு விமர்சனங்கள். "கொள்ளு ரசம் ரெண்டு டம்ளர் குடிச்சேன்." "மூணு மணிக்கு மேல போகாதீங்க, தீந்திரும்." "கொள்ளு ரசம்." மூன்றாமவர் அவ்வளவுதான் எழுதியிருந்தார். நட்சத்திரம் மூணே முக்கால். பெரியவராக இருந்தால் தாண்டிப் போயிருப்பார்.

2.45க்குச் சேர்ந்தோம். சிமெண்ட் ஷீட் போட்ட கூடம், நான்கு மேசை. சமைப்பது மனைவி, பரிமாறுவது கணவர். அந்தப் பெண் கரண்டியோடு வெளியே வந்து, "சோறு இருக்குதுங்க. பொரியல் தீந்துபோச்சு, அப்பளமும் இல்லீங்க. பரவால்லீங்களா?" என்றார். இல்லாததைச் சொல்லிவிட்டு உட்கார வைக்கிற கடையை நான் முதல்முறையாகப் பார்த்தேன். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கொள்ளு ரசம், மோர். ஒருவருக்கு 80 ரூபாய். குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். ரசம் பற்றி நான் கூடுதலாக எழுதினால் என் கொள்கைக்கே விரோதம். நானும் இரண்டு டம்ளர்.

கை கழுவிவிட்டு வந்த அக்கா அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டார்: "கல்யாணப் பந்திக்குச் செய்வீங்களா? தொள்ளாயிரம் எலை."

அந்தப் பெண் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஐந்நூறு எலை வரைக்கும் செஞ்சிருக்கோமுங்க. தொள்ளாயிரம் செஞ்சிருக்கோம்னு பொய் சொல்ல மாட்டேன். எங்கண்ணன் ஆளுங்களக் கூட்டிக்கிட்டா செய்யலாமுங்க. ஆனா மெனு இருபது வகைன்னு போகக் கூடாது. பன்னெண்டு வகை, சூடா போடறோம். அதுக்கு மேல எங்களால ஆகாதுங்க."

அக்கா அவர் எண்ணை வாங்கிக்கொண்டார்.

வீடு வந்து சேர 5.20. மொத்தம் 168 கிலோமீட்டர். எங்களுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பெரியவர் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என் மானத்த வாங்கிட்டீங்க. அந்தாள் எனக்குப் பதினஞ்சு வருசப் பழக்கம். சுமதி, அத முதல்ல அழி."

"மாட்டேங்க" என்றேன். இந்த வீட்டில் அவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது.

என் கணவர் சமாதானமாக, "ஒரு வரிதான சுமதி, அழிச்சிட்டுப் போயேன்" என்றார்.

"ஒரு வரிதானே, இருந்துட்டுப் போகட்டும்."

பெரியவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா கட்டாயம் அழிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அக்கா மகளைக் கூப்பிட்டு, "அதுல எப்படி எழுதறது, காட்டு கண்ணு" என்றார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, பத்து நிமிடம். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். "நானும் சாப்பிட்டேன். ஊசல்தான்." கீழே அவர் முழுப் பெயர். பிறகு செல்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எம் பொண்ணு கல்யாணத்துக்கு அந்த ஆள் சோறு போட வேண்டாமுங்க. நான் வேற எடம் பாத்துட்டேன்."

பெரியவர் நான்கு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் மெஸ்காரப் பெண்ணிடமிருந்து அக்காவுக்கு அழைப்பு: "போர் வண்டி ஸ்டிக்கர் ஒட்டுன கார்ல ஒருத்தர் வந்து சாப்புட்டுப் போனாருங்க. யாருன்னு சொல்லல. சமையக்கட்ட எட்டிப் பாத்தாருங்க. உங்க ஊட்டுக்காரருங்களா?" அன்று மாலை பெரியவர் யாரையும் பார்க்காமல், "ஐஸ்கிரீம் மட்டும் வெளிய சொல்லிக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் அப்படித்தான் வரும்.

கல்யாணம் மாசியில் முடிந்தது. எல்லாம் அமோகம் என்று எழுதினால் நானும் அந்த அட்டையைப் பார்த்து எழுதுகிறவள் ஆகிவிடுவேன். மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அதைச் சொல்லிக்காட்டினார். பன்னிரண்டு வகை குறைவு என்று என் நாத்தனார் இன்றுவரை சொல்கிறார். ஆனால் தொள்ளாயிரம் இலையிலும் சோறு ஆவி பறந்தது.

அந்த ஓட்டலுக்குச் சொன்னபடி பங்குனியில் ஒருநாள் தனியாகப் போனேன். சாம்பார் நன்றாக இருந்தது. "இன்று சாம்பார் நன்று" என்று பழைய வரிக்குக் கீழேயே சேர்த்து, தேதியோடு போட்டேன். "இப்பவாச்சும் பழசை அழிக்கலாமுங்களே" என்றார் முதலாளி. இரண்டும் நடந்தது, இரண்டும் இருக்கும் என்றேன். நான் போட்டி ஓட்டலின் ஆள் என்று அவர் எழுதிய பதில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதுவும் இருக்கட்டும்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலை ஏழுக்குள் சேலத்தைக் கடந்துவிடுங்கள். தறிக்காரர்களிடம் துணி எடுக்கக் காலை பத்து மணிக்கு மேல் நல்லது. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் மட்டும்தான் செல்பேசியில் பணம் வாங்குகிறார்கள். சங்ககிரி – திருச்செங்கோடு சாலையில் லாரி அதிகம், மதியம் முந்தப் பார்க்காதீர்கள். மெஸ்ஸுக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள்.

ஓட்டல் தேட: நட்சத்திரத்தை விடுங்கள். ஒரு பொருளின் பெயர் இருக்கிற சின்ன வரிகளைப் படியுங்கள். அதே பொருளை இன்னொருவர் வேறு நாளில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே மாதிரி வாசகம் நான்கு இடத்தில் வந்தால் இனிப்பு கொடுத்து வாங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றை வரியை நம்பி ஏமாறவும் செய்வீர்கள், நானும் வேர்த்துக்கொண்டு இட்லி தின்றேன். ஏமாந்தாலும் அது நீங்களே தேர்ந்தெடுத்த இடம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. குடும்பத்தோடு போகும்போது எங்கே சாப்பிடலாம் என்று உங்களைக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். இடத்தை முன்பே பார்த்து வைத்து, வண்டி அங்கே வந்ததும் "இங்கே நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும், எப்படி இருந்ததோ அப்படி, உங்கள் பெயரில் எழுதுங்கள்.